நான் வெல்டிங் வைத்த கம்பி

வீட்டில் கிரைண்டர் என்றால் இட்லிக்கு மாவாட்டுவது. எங்கள் பட்டறையில் கிரைண்டர் என்றால் கையில் பிடிப்பது. முன்னால் ஒரு மெல்லிய வீல் சுற்றும், இரும்பை வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கிப் போடும். நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அந்த எழுத்தை நான் பல வருஷம் படித்ததே கிடையாது. சுவிட்சைத் தள்ளினால் சுற்றும், வெட்டும், சோலி முடியும். இன்றைக்கு அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கிறது. பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாமி கும்பிடும்போது வருகிற சிலிர்ப்பு அதில் பாதி இருக்கிறது.

இதற்குக் காரணம் ஒரு பெண்ணின் வலது கை. அந்தக் கை பிழைக்குமா பிழைக்காதா என்று நின்ற அரைமணி நேரத்தைத்தான் எழுதப் போகிறேன்.

போடியில் ஏலக்காய் சீசன் வந்துவிட்டால் விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் கிளம்பிவிடும். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் தூக்குவாளியோடு வந்து ஏறுவார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. உள்ளே இடம் நிறைந்தபின் வருகிறவர்கள் பின்படியில் நின்றபடியே மலை ஏறவேண்டும். ஜீப்பின் பின்பக்கம், கூரைப் படுதாவைத் தாங்க மேலே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் ஓடும். நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள, அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு கம்பி வைத்துத் தரச்சொல்லி டிரைவர்கள் என் பட்டறைக்கு வருவார்கள்.

"கம்பி ரொம்பத் தொங்கக் கூடாதுண்ணே. படுதா அதுக்கு மேல சுருண்டு இறங்கணும்" என்பார்கள்.

எங்கள் மலையில் மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள். படுதா சரியாக மூடாவிட்டால் பெண்கள் நனைவார்கள், டிரைவரைக் கிழித்துவிடுவார்கள், அவன் வந்து என்னைக் கிழிப்பான். அதனால் குழாயை ஒட்டினாற்போல, உள்ளங்கை தட்டையாக நுழைகிற அளவு இடம் மட்டும் விட்டு, அந்தக் கம்பியை வைப்பேன். எத்தனை ஜீப்புக்கு வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாளாவது ஏறி நின்று, அதைப் பிடித்துப் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் வாங்கினால் வீலுக்கு மேல் பாதி வட்டமாக ஒரு தகரக் கவசம் இருக்கும். கார்டு என்போம். வீல் உடைந்தால் துண்டு நம் முகத்துக்கு வராமல் தடுப்பது அதுதான். கூடவே இன்னொரு கையால் பிடிக்க ஒரு பக்கக் கைப்பிடியும் வரும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இரண்டையும் முதல் நாளே கழற்றிப் போடுவதுதான் வழக்கம். மூலைக்குள் நுழையாது, வெட்டுகிற இடம் தெரியாது என்று காரணம் சொல்வோம். உண்மைக் காரணம் வேறு. கார்டோடு வேலை செய்கிறவன் நேற்றைக்குத் தொழிலுக்கு வந்தவன் என்று சிரிப்பார்கள். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி விழுந்து கும்பிடுவோம். அந்தக் கார்டு மட்டும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நான் பேட்டரி கிரைண்டர் வாங்கியபோதும் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் சூட்டுக்குழாய் ஓட்டையாகிவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மெஷினைப் பையில் போட்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பைக்கில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டியிருக்கும். பனியும் தூறலும். ஒரு வளைவில் ஜீப்பு ஒன்று கோணலாக நின்றது. பெண்கள் எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் கூடி நின்று பேச்சில்லாமல் இருந்ததைப் பார்த்ததுமே பைக்கை ஓரம் கட்டினேன்.

டிரைவர் ஓடிவந்தான். "அண்ணே, மெஷின் வச்சிருக்கீகளா? கை மாட்டிக்கிருச்சுண்ணே."

மேலிருந்து வந்த லாரிக்கு வழிவிட ஜீப்பைப் பின்னால் எடுத்திருக்கிறான். பின்சக்கரம் ஓரத்து மண்மேட்டில் ஏறி, கூரை போய்ப் பாறையின் மூக்குக்குக் கீழே சொருகிக்கொண்டது. மேலே இருந்த குழாய் வளைந்து கீழே அமுங்கிவிட்டது. பின்படியில் நின்ற ஒரு பெண்ணின் வலது கை, குழாய்க்கும் அந்தக் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்திருந்தார்கள். ஜீப்பு தாழ்ந்து பாறையிலிருந்து விலகியது; வளைந்த குழாய் வளைந்தபடியேதான் இருந்தது. கடப்பாரை போட்டு நெம்பலாம் என்றால், அந்தக் கையின் மேலேதான் நெம்பவேண்டும்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். சிலமலை ஊர்க்காரர். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பின்படியில் நின்றுகொண்டு, வலது கையை மேலே தூக்கியபடி, பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர் போல நின்றார். விரல்கள் ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் அந்த விரல்களைப் பார்த்தேன். பிறகு கம்பியைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் வெல்டிங் மணி மணியாக, அடுக்கி வைத்தாற்போல அழகாக இறங்கியிருந்தது. அது என் கைவேலை. எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

"வெட்டு, வெட்டு, கைக்குப் பக்கத்துல வெட்டு" என்று பின்னால் வண்டிகளிலிருந்து இறங்கியவர்கள் ஆளாளுக்கு நாட்டாமை பண்ணினார்கள். எனக்கு எப்போதுமே கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "வெட்டணும்னா நீ வந்து வெட்டு" என்று ஒருவனிடம் எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே அவசரம்தான். மெஷினை எடுத்துப் பேட்டரியைச் சொருகி ஒருமுறை ஓட்டினேன். அந்தச் சத்தம் பாறையில் மோதித் திரும்பியது.

அக்கா வீலையே பார்த்தார்.

"அப்பு, அதுக்கு மேல மூடி கீடி கெடையாதா?"

"இருக்குக்கா. கழட்டி வச்சிட்டேன்."

"ஏன்?"

"எடைஞ்சலா இருக்கும்னு."

"எங்க வீட்டு மிக்சிகூட மூடி போட்டாத்தேன் சுத்துது" என்றார்.

திட்டவில்லை, கேலியும் இல்லை. சும்மா சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. போடிக்கு ஆளை அனுப்பிக் கார்டை எடுத்துவரலாம். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த விரல்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"எடுக்குற கை இதுதேன்" என்றார் அடுத்தாற்போல. ஏலக்காய் எடுக்கிற கை என்று அர்த்தம். "இது போச்சுன்னா நான் வீட்டுல உக்காந்து சுவத்தத்தேன் பாக்கணும். பாத்துச் செய்யி. ஆனா வெரசாச் செய்யி."

கைக்குப் பக்கத்தில் வெட்டக் கூடாது, ஒரு முழம் தள்ளி வெட்டினாலே கம்பி விட்டுக் கொடுக்கும் என்று முடிவு செய்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல புத்தி அது. பொறி பட்டுவிடாமல் டீசல் டேங்க் மூடிமேல் நனைத்த சாக்கைப் போடச் சொன்னேன். ஒரு பெண் தன் தூக்குவாளியின் மூடியைக் கொடுத்தார். அதை அக்காவின் மணிக்கட்டுப் பக்கம், நான் வெட்டப்போகிற திசையைப் பார்த்து வைத்து, ஈரத் துண்டால் கட்டினோம். "கழுத்துல என்னய்யா அது, முதல்ல அத அவுரு" என்றார் இன்னொரு பெண். என் மப்ளர். முனை இரண்டும் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அது வீலில் சுற்றியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கீழே மலையடிவாரத்தில் பனியனோடு வேலை செய்கிறவன் குளிருக்குச் சுற்றிய துணியை மறந்துபோவது மலைக்கு வந்தால்தான் நடக்கும்.

பின்படியின் இன்னொரு முனையில் ஏறினேன். தலையில் இருந்த பைக் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, கம்பியின் மேல்பக்கம் வீலை வைத்தேன். பொறி பறந்தது. பாதி வெட்டியிருப்பேன். திடீரென்று வெட்டின வாய் மூடிக்கொண்டு வீலைக் கவ்வியது.

அடுத்த கணம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கையில் இருந்த மெஷினை யாரோ பிடுங்கி வீசின மாதிரி இருந்தது. முகத்தில் ஓர் அறை. நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. வீலின் ஒரு துண்டு அதில் பட்டுத் தெறித்துப் போயிருக்கிறது. இன்னொரு துண்டு படுதாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் மர பெஞ்சில் குத்தி நின்றது. ஒரு அப்பளத்தின் கனம்கூட இல்லாத பொருள் அது. பசையும் பொடியும் சேர்த்துச் செய்த ஒரு வட்டம். அதற்குள் அவ்வளவு வேகத்தை அடைத்து, இருபது வருஷமாக முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி வேலை பார்த்திருக்கிறேன்.

கார்டு இருந்திருந்தால் அந்தத் துண்டுகள் அதில் மோதி விழுந்திருக்கும். பக்கக் கைப்பிடி இருந்திருந்தால் மெஷின் அப்படிக் கையை விட்டுப் பறந்திருக்காது. இரண்டும் போடியில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

"அப்பு, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மேலிருந்து குரல் வந்தது.

கை ஊதாவிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிற பெண் என்னைக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. கம்பி கடிச்சிருச்சு."

"கடிக்கத்தான செய்யும்" என்றார். "மேல பாரமிருக்குல்ல. எஸ்டேட்டுல மரம் கவாத்துப் பண்ணுறாகள்ல, ரெண்டு முனையும் முட்டி நிக்கிற கெளைய மேல இருந்து அறுத்தா வாள் மாட்டிக்கிரும். அடியில இருந்துதேன் அறுப்பாக. வாய் தன்னால தெறக்கும்."

எஸ்டேட் ஆட்கள் நிழல் மரங்களின் கிளைகளை அறுக்கும்போது அக்கா கீழே ஏலச் செடிகளுக்கு நடுவில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். நான் இரும்போடேயே வாழ்கிறவன். மேலே வளைந்த குழாய் அமுக்குகிறது, கம்பியின் மேல்பக்கம் நெருங்கி நிற்கிறது, அடிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது. அங்கே வெட்டினால் பிளவு அகலும். இது எனக்குத் தெரியாத பாடமா? தெரியும். அவசரம் அதை மறைத்துவிட்டது. வலியில் நிற்கிறவருக்கு அது மறைக்கவில்லை. எப்படி மறைக்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புது வீல் மாட்டினேன். யாரும் இல்லாத பள்ளத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, எண்ணி அரை நிமிஷம் வெறுமனே ஓடவிட்டேன். உடைகிற வீலானால் அங்கேயே உடையட்டும். கூட்டத்தை வளைவுக்கு அந்தப் பக்கம் விரட்டினேன். பைக்கில் வந்த ஒருவர் தன் ஹெல்மெட்டைக் கொடுத்தார். அதை அக்காவின் தலையில் போட்டுக் கண்ணாடியை இறக்கினேன். வேறொருவரின் ஹெல்மெட்டை வாங்கி நான் போட்டுக்கொண்டேன். வீல் சுற்றுகிற நேர்கோட்டில் என் உடம்பு இல்லாதபடி, அவர் உடம்பும் இல்லாதபடி, பக்கவாட்டில் நின்றேன். இரண்டு கையாலும் மெஷினை இறுக்கினேன். அடிப்பக்கம் தொட்டேன்.

கொஞ்சம் வெட்டுவேன், நிறுத்துவேன், பார்ப்பேன். அக்கா சொன்ன மாதிரியே வாய் அகன்றது. மிச்சத்தில் பாதி போனதும் ஒரு திருப்புளியைப் பிளவில் சொருகினேன், திரும்ப மூடாமல் இருக்க. பொறி மழை மாதிரி கீழே கொட்டியது. அவ்வளவு அழகாக அது கொட்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒவ்வொரு பொறியும் அந்தக் கையை விட்டு விலகிப் போகிறதா என்று பார்த்தபடியே வெட்டினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குலசாமி பெயராக இருக்கும்.

ணங்கென்று கம்பி கீழே இறங்கியது. கை விடுபட்டு விழுந்தது.

அக்கா அந்தக் கையை இடது கையால் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது. ஆள்காட்டி விரல். நடுவிரல் பாதி மடங்கியது. மற்ற இரண்டும் அசையவில்லை. அவர் நிமிர்ந்து மற்ற பெண்களைப் பார்த்தார்.

"எடுக்குறதுக்கு இந்த மூணும் போதும்டி" என்றார்.

அதற்கப்புறம்தான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். நான் எஸ்டேட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்து, பட்டறையின் மேல்தட்டில் ஏறி, எல்லாப் பெட்டிகளையும் கவிழ்த்துக் கார்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் மாட்டினேன். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, மெஷினுக்கெல்லாம் கொடை பிடிச்சிருக்க?" என்றார். உடைந்த வீல் துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மாட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

சீசன் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜீப்பு என் பட்டறை வாசலில் வந்து நின்றது. குழாயை நிமிர்த்தியிருந்தார்கள். முன் சீட்டிலிருந்து அந்த அக்கா இறங்கினார். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கி அப்படியே நின்றுபோயிருந்தன. மற்றபடி கை, கையாக இருந்தது.

"கம்பி வைக்கணும்ணே" என்றான் டிரைவர்.

எனக்கு வந்ததே கோபம். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா கேக்குற? கம்பியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உள்ள உக்கார எடமிருக்குற அளவுக்கு ஆளேத்து, போதும்" என்று கத்தினேன்.

"அவன் கேக்கலப்பு. நாந்தேன் கூட்டியாந்தேன்" என்றார் அக்கா. "கம்பி இல்லாம இம்புட்டு நாளும் கூட நிக்கிறவ கழுத்தப் புடிச்சுக்கிட்டுத்தேன் போறோம். நேத்து ஒருத்தி படியில இருந்து நழுவப் பாத்தா. நீ கத்துறதுல ஞாயம் இருக்கு. ஆனா நாளைக்கும் சோலிக்குப் போகணும்ல."

அவர் பின்பக்கம் போனார். இடது கையால் ஊன்றிப் பின்படியில் ஏறினார். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, வலது கையை மேலே தூக்கி, குழாய்க்குக் கீழே கொண்டுபோய், மடங்குகிற மூன்று விரலையும் மடக்கி முழுசாக முஷ்டி பிடித்துக் காட்டினார்.

"இந்தக் கை சுத்திவர, எங்கயும் ஒரசாம வெளிய வரணும். அம்புட்டு எடம் விட்டு வையி."

"படுதா இறங்காதே அக்கா" என்றான் டிரைவர்.

"நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறோம்."

நான் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு படியில் ஏறினேன். டேப்பின் முனையை அந்த முஷ்டிக்குக் கீழே வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. நான் அளந்து முடிக்கும்வரை அங்கேயே வைத்திருந்தார்.